தாழ்தலும் தாழ்த்தப்படுதலும்: தமிழ்க் கிறித்தவப் பக்தியில் பணிவும் உவகையும் (மும்பைத் தமிழர் வாழிடங்களை முன்வைத்து)

முன்னுரை

தமிழில் ‘தாழ்’ என்னும் வினையடி மூன்று வேறு வாழ்க்கை நிலைகளைச் சுட்டவல்லது. ‘தாழ்ந்தான்’ என்பது தன்வினை. ‘தாழ்த்தினான்’ என்பது பிறவினை. ‘தாழ்த்தப்பட்டான்’ என்பது செயப்பாட்டுவினை. ஒருவன் தானே விரும்பிப் பணிவதும், பிறனைப் பணியவைப்பதும், பிறரால் கீழே வைக்கப்படுவதும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்களால் குறிக்கப்படுகின்றன. கிறித்தவம் தமிழில் வேரூன்றியபோது அதன் தலையாய அறங்களுள் ஒன்றுக்குப் பெயராக அமைந்ததும் இவ்வேரிலிருந்து பிறந்த ‘தாழ்மை’ என்னும் சொல்லே ஆகும்.

தாழ்மை மனிதனை இறைவனுக்கு அணுக்கமாக்கும்; அந்த அணுக்கமே உவகை தரும் என்பது கிறித்தவ மறையுரைகளிலும் கீர்த்தனைகளிலும் மீளமீளக் காணப்படும் கருத்து. எனினும், பணிபவர் எந்தப் படியில் நின்று பணிகிறார் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. உயரத்தில் இருப்பவர் இறங்குவதும், ஏற்கெனவே இறக்கப்பட்டவர் குனிவதும் ஒன்றாகா. அவ்வேறுபாட்டைத் தமிழ்க் கிறித்தவப் பக்தி எவ்வாறு எதிர்கொண்டது என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. மும்பையில் வாழும் தமிழரின் சூழல் இதற்கு உரிய களமாகக் கொள்ளப்படுகிறது.

ஒரு நகரின் மூன்று தமிழ் நிலங்கள்

மும்பையின் தமிழர் வாழிடங்கள் ஒரே தன்மையன அல்ல. மாட்டுங்கா என்றதும் நினைவுக்கு வருவது தென்னிந்திய நடுத்தர வகுப்பு. பஜனை சமாஜம், கோயில், சங்கீத சபை, 1932இல் நிறுவப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கம் என்று அதன் பண்பாட்டு அடையாளங்கள் நன்கு அறியப்பட்டவை. விடுதலைக்குப் பின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் அணு ஆராய்ச்சி மையமும் செம்பூரை அடுத்து எழுந்தபோது அங்கும் தமிழ் ஊழியர் குடும்பங்கள் குடியேறின. அதே செம்பூரை அடுத்த டிராம்பேயில், 1976இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்களைக் கொண்டு உருவான சீட்டா கேம்ப்பிலும் தமிழர் திரளாக வாழ்கின்றனர். தாராவியோ, மித்தி ஆற்றின் கழிமுகச் சதுப்பைத் தூர்த்து உண்டான தாழ்நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் இங்குத் தோல் பதனிடும் தொழிலிலும் பிற கூலி வேலைகளிலும் ஈடுபட்டனர். அவர்களுள் ஆதிதிராவிடரும் தமிழ் முசுலிம்களும் குறிப்பிடத்தக்கவர்கள். நாடார் முதலிய பிற வகுப்பினரும் உடன் வந்தனர். ‘மாட்டுங்கா தொழிலாளர் முகாம்’ என்று பெயர் பெற்ற குடியிருப்பு உண்மையில் தாராவியைச் சேர்ந்தது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஒரே ஊர்ப் பெயர் சமூகப் படிநிலையின் இரு முனைகளையும் சுமந்து நிற்கிறது.

திருநெல்வேலி மக்கள் மும்பைக்குக் கொண்டுவந்தவற்றுள் கிறித்தவமும் ஒன்று. 1799இல் முதலூர் என்னும் கிறித்தவக் குடியிருப்பு தோன்றியது முதல் அந்நிலத்தில் பெருந்திரளான மனமாற்றங்கள் நிகழ்ந்தன. அவ்வழிவந்தோரின் தமிழ் ஆராதனைகள் இன்று மேற்சொன்ன மூன்று பகுதிகளிலும் கத்தோலிக்க, சீர்திருத்த, பெந்தெகொசுதே சபைகளில் நடைபெறுகின்றன. தாராவியை ஒட்டிய மாகிமில், புனித மிக்கேல் ஆலயத்தில் 1948இல் தொடங்கிய புதன்கிழமை நவநாளுக்குத் தமிழர் உள்ளிட்ட பல மொழியினரும் பல சமயத்தினரும் வரிசையில் நிற்கின்றனர். இம்மக்களிடம் ‘தாழ்மையாயிரு’ என்று கூறினால் அதன் பொருள் என்ன? நாள்தோறும் தாழ்வைச் சுமப்பவர்க்கு அது நற்செய்தியாகுமா?

மறைநூலில் ஒரு சொல்

தமிழ் மரபு பணிவை அறியாததன்று. திருக்குறளில் அடக்கமுடைமைக்கென ஓர் அதிகாரமே உண்டு. பணிவு எல்லார்க்கும் நன்று எனக் கூறும் வள்ளுவர், செல்வர்க்கே அது மேலுமொரு செல்வமாகும் என்று கருதுவது கூர்ந்து நோக்கத்தக்கது. உள்ளவன் பணிவதே அணியாகிறது. இல்லாதவனின் பணிவு எவர் கண்ணிலும் படுவதில்லை என்பதை வள்ளுவர் அறிந்திருந்தார் போலும்.

விவிலியத்தின் மூலமொழிகளிலும் இச்சிக்கல் உண்டு. கிரேக்கத்தில் ‘தபெய்னோசு’ என்னும் சொல் கிறித்தவத்திற்கு முன் பெரும்பாலும் இழிந்த நிலையினரை, அடிமை மனத்தினரைக் குறித்த வசைச்சொல்லாகவே வழங்கிற்று. எபிரேயத்திலோ ஒடுக்கப்பட்டவரைக் குறிக்கும் ‘அனீ’ என்பதும் பணிவுடையவரைக் குறிக்கும் ‘அனாவ்’ என்பதும் ஒரே வேரின. துன்புறுவோர் இறைவனையன்றி வேறு துணையற்றவர். ஆகவே அவரே இறைவனுக்கு நெருங்கியவர் என்னும் எண்ணம் அவ்வேரொற்றுமையில் பொதிந்துள்ளது. ஏசாயாவின் நூலில் இறைவன் உயரத்திலும், நொறுங்கிய உள்ளத்தாரிடத்திலும் ஒருங்கே வாழ்பவராகக் காட்டப்படுகிறார். சிறுமைப்பட்டோரின் மகிழ்ச்சியும் அந்நூலிலேயே பேசப்படுகிறது.

தமிழ் மொழிபெயர்ப்புகளை ஒப்பிடும்போது ஓர் அரிய செய்தி புலப்படுகிறது. 1871இல் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்ததும் சீர்திருத்தச் சபைகளில் இன்றளவும் வழங்குவதுமான விவிலியத்தில், லூக்கா முதல் அதிகாரத்தில் வரும் மரியாளின் பாடலில் ‘தாழ்மை’ என்னும் சொல் ஆளப்படுகிறது. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், ஒருவர் மற்றவரைத் தம்மினும் மேலாக எண்ணும் பண்பிற்கு ‘மனத்தாழ்மை’ என்னும் சொல் வருகிறது. முன்னது நாசரேத்தூர் ஏழைப் பெண்ணொருத்தியின் சமூக நிலை. பின்னது உள்ளத்தின் பண்பு. இரண்டும் ஏறத்தாழ ஒரே சொல்லால் சுட்டப்படவே, மரியாள் தன் நற்குணத்தைத் தானே புகழ்ந்துகொண்டாள் என்று பொருள்கொள்ளவும் இடமேற்படுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் லூக்காவின் பகுதியில் ‘தாழ்நிலை’ என்றும், பிலிப்பியரில் ‘மனத்தாழ்மை’ என்றும் வேறுபடுத்துகிறது. ஒரு சொல்லின் ஈறு மாறியதால் இறையியலே தெளிவு பெற்றது என்பது மிகையாகாது. மரியாள் களிகூர்வது தான் பணிவுடையவள் என்பதற்காக அன்று. தன் தாழ்நிலையை இறைவன் கண்ணோக்கினார் என்பதற்காகவே.

பிலிப்பியர் நிருபத்தில் வரும் கிறித்துவின் தாழ்வோ தன்வினை வகையினது. தம்மைத் தாமே வெறுமையாக்கி அடிமையின் வடிவெடுத்தவர் அவர். ஆகவே கிறித்தவத் தாழ்மையின் முதல் எழுவாய் மனிதன் அல்லன், இறைவனே. மேலிருந்து அவர் இறங்கி வருகிறார். கீழே இருப்பவர் அவரைச் சந்திக்க மேலும் இறங்கவேண்டிய தேவையில்லை. இந்நுட்பம் தமிழ்ப் பக்திப் பனுவல்களில் எந்த அளவிற்கு உணரப்பட்டது என்பதே அடுத்துக் காணவேண்டியது.

உயரத்திலிருந்து இறங்கிய புலவர்கள்

வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவன் வளன் என்னும் சூசை, தொழிலால் தச்சன். தன்னிகரில்லாத் தலைவனைக் கோரும் காப்பிய இலக்கணத்திற்குள் ஒரு தச்சனைக் கொணர்ந்து நிறுத்தியது துணிவுடைய செயல். நற்செய்தி நூல்கள் கூறும் தாவீதின் அரச மரபு அவனுக்கு உண்டென்பதும், அதனைக் கவிஞர் நன்கு பயன்படுத்திக்கொண்டார் என்பதும் மறக்கத்தக்கன அல்ல. வெறுந்தச்சனைத் தலைவனாக ஏற்கத் தமிழ்ப் புலமையுலகம் அன்று அணியமாக இருந்திராது.

கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்படும் எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900) வைணவ வேளாளர் குடியில் நெல்லைச் சீமையில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். அவருடைய கிறித்தவப் பாடல்களில் தன்னைக் கடையனாகக் கூறிக்கொள்ளும் குரல் ஓங்கி ஒலிக்கிறது. இக்குரல் மேனாட்டு இறக்குமதி அன்று. ஆழ்வார்களின் பாசுரங்களில் ஊறி, வைணவ உரையாசிரியர்கள் ‘நைச்சியானுசந்தானம்’ என்று பெயரிட்டு வழங்கிய மரபினின்று எழுந்தது அது. அடியாரின் திருவடித் தூளியையே தம் பெயராக ஏற்ற தொண்டரடிப்பொடியாழ்வாரின் மரபு கிறித்துவின் திருவடியில் வந்து சேர்ந்தது எனலாம். தன்னை நீசன் என்று அறிக்கையிடும் நொடியிலேயே அருள் பாய்கிறது. அவ்வறிக்கைக்குள் ஒரு களிப்பு மறைந்துள்ளது. கிருட்டிணபிள்ளையின் பக்தியுணர்வு உண்மையானது என்பதில் ஐயமில்லை. தமக்குரிய குடிப்பெருமையையும் உறவினர் அணுக்கத்தையும் பணயம் வைத்தே அவர் அப்படியில் இறங்கினார். ஆனால் இறங்குவதற்கு அவருக்கு ஒரு படி இருந்தது.

ஒரு கிண்ணம்

இறங்குதல் சொல்லளவில் நின்றுவிடுவதும் உண்டு. தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) சுவார்ட்சு ஐயரின் மாணவர்; பெத்லகேம் குறவஞ்சி இயற்றியவர்; தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் இசைக்கு அடித்தளமிட்டவர். தாழ்மையைப் பாடாத கிறித்தவக் கவிஞர் இலர்; அவரும் பாடினார். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கோயிலில் சாதிவாரியாகத் தனித்தமரும் வழக்கத்தையும் திருவிருந்தில் வேற்றுமை பேணும் வழக்கத்தையும் ஒழிக்கவேண்டுமெனப் புதிய மறைபணியாளர்கள் வற்புறுத்தியபோது, வேளாளக் கிறித்தவர் தரப்பில் நின்று எழுத்தால் எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர். சாதி சமயம் சாராத உலகியல் ஏற்பாடு என்பது அத்தரப்பின் வாதம். 1833இல் பேராயர் தானியேல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் கைவிடப்படவேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர் பலர் கோயிலை விட்டு வெளியேறினர்.

சிக்கலின் மையத்தில் இருந்தது ஒரு கிண்ணம். திருவிருந்தின் திராட்சை இரசக் கிண்ணம் ஒருவர் உதட்டிலிருந்து அடுத்தவர் உதட்டிற்குச் செல்வது. தம்மை ‘நாயேன்’ என்று பாடக் கூசாத நாவு, அண்டைச் சேரியார் அருந்திய கிண்ணத்தைத் தீண்டக் கூசியது. இறைவன் முன் தாழ்வது எளிது. அடுத்தவன் பக்கத்தில் அமர்வதே கடினம். சாத்திரியாரின் இசைப் பணியை இது சிறிதும் குறைப்பதன்று. ஆயினும் தமிழ்க் கிறித்தவத் தாழ்மையின் வரலாற்றை எழுதுவோர் அவர் கீர்த்தனைகளோடு அக்கிண்ணத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். இதுகாறும் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் முன்னதை மட்டுமே கூறி அமைந்தன.

மராத்திய மண்ணின் ஒப்புமை

மும்பைத் தமிழர் குடியேறிய மண்ணிலும் இத்தகைய வரலாறு ஒன்றுண்டு. நாராயண் வாமன் திலக் (1861–1919) சித்பாவன் பிராமணர், மராத்திக் கவிஞர். 1895 பிப்ரவரி 10ஆம் நாள் பம்பாயில் அமெரிக்க மிசன் கோயிலில் திருமுழுக்குப் பெற்றார். ஆங்கிலப் பாடல்களின் பெயர்ப்புகள் மராத்திய நெஞ்சைத் தொடா என உணர்ந்து, அபங்க யாப்பிலும் கீர்த்தன வடிவிலும் கிறித்தவப் பாடல்களை இயற்றினார். தாம் கிறித்துவிடம் வந்தது துக்காராமின் பாட்டாகிய பாலத்தின் வழியே என்று அவர் கூறியதாக அறியப்படுகிறது. ஆழ்வார் வழியில் கிருட்டிணபிள்ளை வந்ததற்கு இஃது இணையானது. துக்காராம் சூத்திரராகக் கருதப்பட்ட குடியினர். கடன்பட்டு நொடித்த வணிகர். இறைவனிடம் சிறுமையை வரமாக வேண்டியவர். உயர்குடிப் பிறந்த திலக், தம்மினும் தாழ்ந்த குடியினராக எண்ணப்பட்டவரிடம் பணிவைக் கற்றார் என்பது கருதத்தக்கது.

திலக்கின் இறங்குதல் 1917இல் முழுமை பெற்றது. மிசன் ஊதியத்தைத் துறந்து, ‘தேவாச்சா தர்பார்’ என்னும் கூட்டுறவைத் தொடங்கினார். திருமுழுக்குப் பெற்றவரும் பெறாதவரும் அதில் சேரலாம். இருப்பினும் அவரினும் கூர்மையான சான்று தருபவர் அவர் மனைவி இலட்சுமிபாய் என்றே கூறவேண்டும். கணவர் மதம் மாறிய பின்னும் ஆசாரம் காத்துப் பிரிந்து வாழ்ந்தவர் அவர். 1900இல் தாமும் திருமுழுக்குப் பெற்றார். ‘ஸ்மிருதி சித்ரே’ என்னும் அவருடைய தன்வரலாறு, பிறர் தொட்ட நீரையும் உணவையும் விலக்கிய பழக்கம் தம்மை விட்டு எவ்வாறு நீங்கிற்று என்பதை நகைச்சுவை குன்றாமல் கூறுகிறது. தஞ்சையில் கிண்ணம், இங்குத் தண்ணீர். தாழ்மை மெய்யா பொய்யா என்பது இவ்விரு இடங்களிலும் வாயருகே வந்த பாத்திரத்தில்தான் சோதிக்கப்பட்டது. இலட்சுமிபாயின் எழுத்தில் ததும்பும் மகிழ்ச்சி, பெருஞ்சுமையொன்றை இறக்கிவைத்தவரின் மகிழ்ச்சியாகும்.

பள்ளத்தாக்கின் இரு காட்சிகள்

கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) 5 பருவங்களும் 3766 பாடல்களும் கொண்டது. சான் பனியன் சிறைவாசத்தின் பயனாய் எழுதி 1678இல் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவியது. பனியன் பாத்திரம் பழுது பார்க்கும் தொழிலாளி. முறையான கல்வி மிகுதியாகப் பெறாதவர். அவர் கதையில் தாழ்மைப் பள்ளத்தாக்கு என்னும் ஓரிடம் வருகிறது. முதற்பாகத்தில் கிறித்தியான் உயரத்திலிருந்து அப்பள்ளத்தாக்கிற்கு இறங்குகிறான். இறக்கத்தில் கால் இடறுகிறது. அங்கே அப்பொல்லியோன் என்னும் கொடிய பகைவனுடன் போரிட்டுப் புண்படுகிறான்.

1684இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில், அதே பள்ளத்தாக்கிற்குக் கிறித்தியானின் மனைவியும் மக்களும் வருகின்றனர். இம்முறை அது பசும்புல்லும் மலர்களும் நிறைந்த வளமான நிலமாகக் காட்சியளிக்கிறது. எளிய உடை உடுத்த இடைச்சிறுவன் ஒருவன் ஆடு மேய்த்தபடி பாடுகிறான். விழுவதற்கு இனி இடமில்லாதவனின் அச்சமின்மையே அவன் பாட்டின் பொருள். இறைமகனும் முன்னாளில் இப்பள்ளத்தாக்கில் உலவுவதை விரும்பினார் என்று வழிகாட்டி அவர்களுக்குக் கூறுகிறான். நிலம் ஒன்றே, வருவோர் வேறு. மேலிருந்து இறங்குபவனுக்கு அது போர்க்களம். அங்கேயே வாழ்பவனுக்கு அது மேய்ச்சல் நிலம்.

கிருட்டிணபிள்ளை கிறித்தியானின் பயணத்தையே தம் காவியத்தின் உடலாகக் கொண்டார். இடைச்சிறுவனின் குரல் தமிழ்க் காவிய மரபிற்குள் உரிய இடம் பெறவில்லை. இது கவிஞரின் குறையன்று. அவர் தாம் அறிந்த பயணத்தைப் பாடினார். தாம் அறிந்த பயணம் இறக்கத்தின் பயணமாயிருந்தது. ஏற்கெனவே பள்ளத்தாக்கில் வாழ்ந்த திருநெல்வேலிக் கிறித்தவர்கள், பின்னர்த் தாராவிக்குப் பெயர்ந்தோர் உட்பட, தங்கள் பாட்டை வேறு வடிவங்களில் பாடினர்.

மறுப்பின் குரல்

தாழ்வாழ்வைப் பசும்புல் நிலமாகக் காட்டுவதில் ஓர் இடர் உண்டு. அவ்விடரை எவரினும் தெளிவாகக் கண்டவர் மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில் நெடுங்காலம் வாழ்ந்த அண்ணல் அம்பேத்கர். 1950இல் வெளிவந்த புத்தமும் அதன் எதிர்காலமும் பற்றிய கட்டுரையில், சமயம் வறுமையைப் புனிதப்படுத்தலாகாது என்று அவர் வாதிடுகிறார். செல்வம் உடையவர் அதனைத் துறப்பது பேறாகலாம். வறுமை ஒருபோதும் பேறாகாது என்பது அவர் கருத்தின் சாரம். துறத்தலுக்கும் இல்லாமைக்கும் இடையே அவர் வரையும் கோடும், தாழ்தலுக்கும் தாழ்த்தப்படுதலுக்கும் இடையே தமிழிலக்கணம் வரையும் கோடும் ஒன்றே.

1948இல் வெளியிட்ட தீண்டப்படாதார் பற்றிய நூலை அம்பேத்கர் நந்தனார், இரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவர் நினைவிற்குப் படைத்தார். மும்பைத் தமிழனின் இரு மண்ணும் அதில் இணைகின்றன. நந்தனார் தில்லைக்குச் செல்லும் நாளை எண்ணி உருகியவர். தீயில் மூழ்கியெழுந்த பின்னரே உள்ளே நுழைய முடிந்தவர் என்று பெரியபுராணம் கூறுகிறது. மகார் குலத்துச் சோகாமேளர் பண்டரிபுரத்தில் கோயிலுக்கு வெளியே நின்று பாடியவர். மங்களவேடாவில் மதில் வேலையின்போது இடிபாட்டில் சிக்கி இறந்தார் என்பது வழிவழிச் செய்தி. அவர் சமாதியும் கோயில் வாயிலுக்கு வெளியே படியருகில்தான் உள்ளது. இவ்விருவரின் உவகையை ஐயுறுவதற்கில்லை. அவர்களை வெளியே நிறுத்தியவர்களுக்கு அவ்வுவகை ஒரு நற்சான்றிதழ் ஆகிவிடக்கூடாது என்பதே அம்பேத்கர் விடுத்த எச்சரிக்கை.

இவ்வெச்சரிக்கை கிறித்தவர்க்கும் பொருந்துவதே. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியலினத் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. தலித் கிறித்தவருக்கு விரியவில்லை. அக்கட்டுப்பாட்டை நீக்குமாறு இரங்கநாத் மிசுரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தும் நிலைமை மாறவில்லை. தாராவியின் ஒரே சந்தில் வாழும் பௌத்தருக்கு உண்டான சட்டப் பாதுகாப்பு அடுத்த வீட்டுக் கிறித்தவருக்கு இல்லை. கிறித்தவர் ஆனதால் தீட்டு நீங்கிவிட்டது என்று சட்டம் கருதுகிறது. தனிக் கல்லறையும் தனித் தெருவும் அறிந்த மக்கள் அவ்வாறு கருதுவதற்கில்லை. இந்நிலையில் அவர்களிடம் பொறுமையை மட்டும் தாழ்மை என்று போதிப்பது, செயப்பாட்டுவினையைத் தன்வினையென்று மயங்கவைப்பதாகும்.

ஒரே உலை

மராத்திய மண்ணில் பிறந்து சென்னைக் குருகுல இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்கு வழிகாட்டிய அரவிந்த் நிர்மல் (1936–1995) இச்சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகினார். தொண்டுபுரியும் இறைவன் என்று கிறித்தவர் கூறுவதை அவர் சொல்லுக்குச் சொல் ஏற்றார். பிறர் அழுக்கை அகற்றுவதும் பிறர்க்குப் பணிபுரிவதும் எவர்மீது காலங்காலமாகச் சுமத்தப்பட்டதோ, அவர்களின் தொழிலையே இறைவன் மேற்கொண்டார் எனின், அவ்விறைவன் அவர்களைச் சேர்ந்தவர். இங்கே அணுக்கம் என்பது ஏறிச்சென்று பெறும் பரிசன்று, உறவினரை இனங்கண்டுகொள்வது. மரியாளின் பாடலில் ஒலித்த களிப்பும் அவ்வகையினதே என்று கொள்ள இடமுண்டு.

தமிழில் இக்கருத்தை இசையாக்கியவர், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜேம்சு தியோபிலசு அப்பாவு (1940–2005). பரட்டை என்னும் பெயரில் அறியப்பட்டவர். கருநாடக இசைக்கும் மேனாட்டு இசைக்கும் பழகிய வழிபாட்டிற்குள் நாட்டுப்புற மெட்டையும், சாவுக்குரியதென ஒதுக்கப்பட்ட பறையையும் கொணர்ந்தார். ‘ஒரு உலை’ என்பது அவர் சிந்தனையின் உயிர்நாடி. தனித்தனி அடுப்பு பிரிவினை. ஒரே உலையில் பொங்கிப் பகிர்வதே இறையாட்சி. தஞ்சைக் கிண்ணம் எழுப்பிய வினாவிற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த விடை இது எனலாம். இதற்கான விதை அவருக்கும் முன்பே மக்கள் வழக்கில் இருந்தது. திருநெல்வேலிச் சபைகளின் அசனப் பண்டிகையில் வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்துப் பொதுவில் சமைத்து எல்லாரும் உண்பர். பந்தியில் வரிசை பார்க்கும் பழக்கம் அங்கும் நுழைந்ததுண்டு என்பதையும் மறைத்தலாகாது. நுழைந்த இடத்திலெல்லாம் அசனம் வெறும் சாப்பாடாகிவிட்டது.

பறையைக் கேட்டு முகம் சுளித்தவர்களுள் அதனைத் தங்கள் பாட்டனிடமிருந்து பெற்ற கிறித்தவர்களும் இருந்தனர். இழிவின் சின்னமாகக் கற்பிக்கப்பட்ட ஒன்றை வழிபாட்டில் ஏற்பது அவர்களுக்கு உயர்குடியினர்க்கு இருந்ததினும் பெரிய தடையாயிருந்தது. ஆதலின் தாழ்த்தப்பட்டவர்க்கும் மேற்கொள்ளத்தக்க தாழ்மை ஒன்று உண்டென்றால், அது மேலும் குனிவதில் இல்லை. தம்முடையதென்று வெட்கப்பட்ட ஒன்றைத் திருமுன் வைப்பதில் உள்ளது.

நீட்டிய கால்கள்

யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரம் இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதைக் கூறுகிறது. பெரிய வியாழன்தோறும் கத்தோலிக்க ஆலயங்களில் இது சடங்காக நிகழ்த்தப்படுகிறது. 2013இல் திருத்தந்தை பிரான்சிசு உரோமைச் சிறார் சிறையொன்றில் பெண்கள் உள்ளிட்டோரின் பாதங்களைக் கழுவினார். 2016இல் இச்சடங்கில் பெண்களும் இடம்பெற முறைப்படி வழி திறக்கப்பட்டது. இந்நிகழ்வை விளக்கும் மறையுரைகள் பெரும்பாலும் கழுவியவரின் தாழ்மையைப் பற்றியே பேசுகின்றன. குருக்களும் ஆயர்களும் அதைப் பேசுவது இயல்பே, அவர்கள் குனியவேண்டியவர்கள்.

நற்செய்தியிலோ தடுமாறுபவர் பேதுரு. அவரால் குனிய முடியாமலில்லை. காலை நீட்டத்தான் முடியவில்லை. தம்மை ஒருவர், அதிலும் தம் ஆண்டவர், தொட்டுப் பணிசெய்வதை அவர் மறுக்கிறார். இயேசு அம்மறுப்பைப் பணிவென்று பாராட்டவில்லை. மறுத்தால் தம்மோடு பங்கில்லை என்கிறார். தோல் தொழிலின் பெயரால் தீட்டு சுமத்தப்பட்ட தாராவித் தொழிலாளி ஒருவர் பீடத்தின்முன் நாற்காலியில் அமர்ந்து செருப்பைக் கழற்றும்போது, அவரிடம் கோரப்படுவதும் அதுவே. குனிந்து பழகிய உடலை நிமிர்த்தி, வெடித்த பாதத்தை மறைக்காமல், பலர் காண அவர் நீட்டவேண்டும்.